நெகட்டிவ் வந்த பிறகும் இருக்கிற வேலை

"எனக்குத்தான் ஒன்னும் இல்லன்னு வந்துடுச்சே, நான் எதுக்கு மாத்திரை முழுங்கணும்?" கணவருக்கு எச்.ஐ.வி. இருந்து, தனக்கு இல்லை என்று முடிவு வந்த கர்ப்பிணிகள் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதற்கு ஆலோசகர் அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்திலும் பிள்ளை பெற்ற பின் வரும் மாதங்களிலும் பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மற்ற நாளைவிடக் கூடுதல். புதிதாகத் தொற்றினால் முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அது வயிற்றுப் பிள்ளைக்கோ பால் குடிக்கும் பிள்ளைக்கோ போகும் ஆபத்தும் அப்போது அதிகம். மூன்றாம் மாதத்தில் எடுத்த நெகட்டிவ் சீட்டு இதையெல்லாம் சொல்லாது.

அதனால்தான் தொற்று வராமல் தடுக்க, தினம் ஒரு மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடாபின் 200 மி.கி. தொற்று ஆபத்து அதிகமுள்ள எல்லோருக்கும் இந்தத் தடுப்பு மருந்தைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மறுக்க வேண்டியதில்லை என்று 2017-இல் தெளிவுபடுத்தியது. நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டு நெறி 2022-இல் வந்தது.

தொடங்கும் அன்றே எச்.ஐ.வி. பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும். கடந்த மாதத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, நெறி கட்டியதா என்று கேட்காமல் டப்பாவைக் கையில் கொடுப்பது பெரிய தவறு. தொற்று ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு மருந்து மட்டும் அதை அடக்காது. வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். 72 மணி நேரத்துக்குள் ஆணுறை இல்லாத உறவு நடந்திருந்தால் முதலில் 28 நாள் மூன்று மருந்து, பிறகுதான் இது. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இருப்பவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கக்கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் விஷயத்தில் ஒரு கவனம்: கர்ப்பத்தில் அது இயல்பாகவே குறையும். மற்றவர்களுக்குச் சரி என்று விடும் 1.0-ஐக் கர்ப்பிணிக்கு மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் மாதம் சிலருக்குக் குமட்டல், வாயு, தலைவலி வரும். மசக்கையோடு சேர்ந்துகொள்வதால் எது எதனால் என்று யாருக்கும் பிரியாது. பழி மாத்திரைமேல் விழும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடலாம். மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, மறுநாள் இரண்டாகச் சேர்க்கக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு இதற்குச் சண்டை கிடையாது. தொற்றுள்ள தாய்மார் போடும் டொலுடெக்ராவிருக்குத்தான் சத்து மாத்திரையிலிருந்து நேரம் தள்ளிப் போடும் கணக்கு; இரண்டையும் குழப்பிச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

டப்பாதான் வீட்டில் பெரிய பிரச்சினை. முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா, எடுத்தால் கலகலவென்று சத்தம் போடும். மாமியார் காதில் விழக் கூடாதென்று மாத்திரைகளைச் சத்து மாத்திரை உறையில் கொட்டி வைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாத்திரை பொதபொதத்துப் போகிறது. டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், மேலே கொஞ்சம் பஞ்சு அடைத்து வைத்தால் சத்தம் வராது. லேபிளை மருந்துக் கடையில் யாராவது காட்டினால் "இது எய்ட்ஸ் மாத்திரை" என்று சொல்லிவிடுவார்கள். சிகிச்சைக்கும் இதே மருந்துகள் பயன்படுவது உண்மைதான். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அவள் பதறமாட்டாள். தாய் சேய் அட்டையில் சிவப்பு மையில் எதையும் எழுதாதீர்கள். கணவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது.

எங்கள் பக்கம் மருந்து அறுபடும் இடம் வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சீர்வரிசையோடு தாய்வீட்டுக்குப் போனதும், "அவர்தான் கூட இல்லையே" என்று நிறுத்திவிடுகிறாள். ஆனால் மன்னார்குடியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ அவர் பார்க்க வரத்தான் செய்வார். பெண்களுக்கு மருந்து உடம்பில் போதுமான அளவு சேர, இடைவிடாமல் குறைந்தது 7 நாள் போட வேண்டும்; சில நெறிமுறைகள் 20 நாளுக்கும் மேல் என்கின்றன. வளைகாப்புக்கு முன்பே மூன்று டப்பாவும், போகிற ஊரில் எங்கே பரிசோதனை என்ற விவரமும் கொடுத்தனுப்ப வேண்டும். மருந்து உடம்பில் சேரும்வரை ஆணுறையும் கூடவே.

கணவர் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான கூட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டு, வைரஸ் அளவு ஆறு மாதமாவது கண்டறிய முடியாதபடி இருந்தால் அவரிடமிருந்து தொற்றாது. அப்போது இவளுக்கு மாத்திரை தேவையா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். கணவரின் வைரஸ் அளவுச் சீட்டைப் பார்க்காமல் "போதும்" என்று சொல்லிவிடக் கூடாது.

பால் கொடுக்கும்போது நிறுத்த வேண்டியதில்லை, பாலில் சேரும் மருந்து மிகச் சொற்பம். பிரசவத்துக்குப் பிறகு தாய் தனக்காக ஆஸ்பத்திரிக்கு வருவது அரிது, பிள்ளைக்காகத் தவறாமல் வருவாள். அதனால் மறு பரிசோதனையும் அடுத்த டப்பாவும் 45-ஆம் நாள், 105-ஆம் நாள் தடுப்பூசித் தேதியிலேயே எழுதிக்கொடுங்கள்.