அம்மா சொன்னால் போன் கேட்க வேண்டும்: ஒன்றரை மாத அலைச்சல்

அம்மாவுக்கு 74 வயது. குத்தாலத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டு இரண்டு கண்ணிலும் லேசர் சிகிச்சை ஆயிற்று. எதிரில் நிற்கும் ஆள் தெரியும், போனில் எழுத்து தெரியாது. விரல் நுனி வறண்டு போனதால் தொட்டாலும் பல நேரம் ஸ்கிரீன் நகராது. பேசியே போனைப் பயன்படுத்தப் பழக்கிவிடலாம் என்று பொங்கல் லீவில் ஆரம்பித்தேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பிப்ரவரி கடைசி வரை இழுத்துவிட்டது.

முதல் தவறு, சென்னையிலிருந்தே ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் (வாயால் சொன்னால் கேட்டுச் செய்யும் ஒலிபெருக்கி) வாங்கிப் போனது. 4,500 ரூபாய். "தமிழ்ப் பாட்டெல்லாம் போடும் மேடம்" என்றார் கடைக்காரர். பாட்டு போட்டது, பொய்யில்லை. ஆனால் மொழிப் பட்டியலைத் திறந்தால் ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தன. அம்மா "மணி என்ன" என்று கேட்டால் அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். தமிழ்ப் பாட்டு போடுவது வேறு, தமிழில் சொன்னால் புரிவது வேறு. வாங்கும் முன் கடையிலேயே தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

சரி, இருக்கிற ஆண்ட்ராய்டு போனே போதும் என்று முடிவு செய்தேன். குரலில் தட்டச்சு செய்யும் வசதி 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. கூகுள் அசிஸ்டெண்டும் தமிழில் பதில் சொல்லும். அதற்குப் போனில் உள்ள ஜிமெயில் கணக்கு வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போனை விற்ற கடைப் பையனே கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி அம்மாவின் நம்பருக்கு வரவில்லை, 47 என்று முடியும் ஏதோ ஒரு நம்பருக்குப் போகிறது. அது அந்தப் பையனின் நம்பர்.

அந்தக் கடையைத் தேடி மயிலாடுதுறைக்குப் போனேன். பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டானாம், நாளைக்கு வாங்க, நம்பர் வாங்கித் தருகிறோம் என்றார்கள். மறுநாள் போனால் கடை பூட்டியிருந்தது. மூன்றாவது முறை அவனைப் பிடித்துப் பேசினால், அந்த சிம் தொலைந்து ஒரு வருடம் ஆகிறது என்றான். கடைக்காரர் எங்கள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பட்டனை அழுத்தி ரீசெட் அடிச்சிடலாமா?" என்றார். நல்ல வேளை, தலையாட்டவில்லை. அப்படி எல்லாவற்றையும் அழித்து ரீசெட் அடித்தால், போன் மறுபடி உயிர் பெறும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். திருட்டுப் போனை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. பாஸ்வேர்டு தெரியாத நமக்கும் அதே கதிதான்.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "பாட்டிக்கு எதுக்குங்க இதெல்லாம்? பேசாம ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுங்க." அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அமைப்பாளராகச் சேர்ந்து, 26 வருடம் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று நாள் தவறாமல் பதிவேடு எழுதியவர். கண் போனதே தவிர கணக்கு போகவில்லை. வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பஸ்ஸில் அழுகை வந்தது.

அன்று இரவே அம்மாவின் நம்பரில் புதுக் கணக்கு தொடங்கினேன். பழைய கணக்கைப் போனிலிருந்து நீக்குவதற்கு முன் அதிலிருந்த நம்பர்களை எல்லாம் ஒரு கோப்பாக எடுத்துப் புதுக் கணக்கில் ஏற்றினேன். இதைச் செய்யாமல் கணக்கை நீக்கினால் அதோடு சேர்ந்து நம்பர்களும் போனிலிருந்து போய்விடும். பாஸ்வேர்டை அம்மா தன் பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் எழுதச் சொல்லி பீரோவில் வைத்தார். மொழியைத் தமிழுக்கு மாற்றுவதும் அம்மாவின் குரலைப் பதிவதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

அப்புறம் ஒரு சிக்கல். "ஏய் கூகுள்" என்று கூப்பிட அம்மா மறுத்துவிட்டார். "ஏன்டி, யாரையாவது ஏய்னு கூப்பிடுவாங்களா?" சத்துணவுக் கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். "ஓகே கூகுள்" என்றாலும் அது விழிக்கும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் தயங்கினால், காரணம் பயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, "ஜானகிக்கு போன் போடு." அப்படி யாரும் இல்லை என்றது. இருக்கிறாரே! தேடினால் காரணம் என்னிடமே இருந்தது. நம்பர்களை எல்லாம் பதிந்தவள் நான். ஜானகி எனக்குச் சித்தி, அதனால் 'சித்தி' என்று போட்டிருந்தேன். தன் தங்கையை அம்மா சித்தி என்றா கூப்பிடுவார்? 'மாமா' என்று போட்டிருந்தது அவருடைய தம்பியை. ஒரு நாள் முழுக்க அம்மாவை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் அவர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே தமிழ் எழுத்தில் மாற்றினேன். மூன்று லட்சுமி இருந்தார்கள். 'மாடிவீட்டு லட்சுமி', 'பூக்கார லட்சுமி', 'டீச்சர் லட்சுமி' என்று பிரித்தோம். இந்த முழு வேலையில் அதிகப் பலன் கொடுத்தது இந்த ஒரு நாள்தான்.

பெயர் சரியானதும், எந்த சிம்மில் பேசுவது என்று போன் ஸ்கிரீனில் கேட்டு நின்றது. அதைத் தொட்டால்தானே அழைப்பு போகும்? தொட முடியாதவருக்குத்தானே இத்தனை பாடும்! செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் ஒரு சிம்மை நிரந்தரமாகத் தேர்வு செய்துவிடுங்கள்.

பேச்சு நடையிலும் ஒன்று உண்டு. அம்மா "அது வந்து..." என்று ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் மைக் மூடிக்கொள்ளும். முழு வாக்கியத்தையும் மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் சொல்லுங்கள் என்றேன். நான்கு நாளில் பழகிவிட்டார். அலாரத்துக்கு வெறும் 'எட்டு மணி' போதாது, 'ராத்திரி எட்டு மணி' என்று சொல்ல வேண்டும். மாத்திரை விஷயம் என்பதால் வைத்த அலாரத்தைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்யவும் பழக்கினேன்.

நான் சென்னை திரும்பிய மூன்றாம் நாள் பெரிய கலவரம். தொட்ட இடமெல்லாம் போன் ஏதோ பேசுகிறது, அழைப்பை எடுக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். நான்தான் உதவியாக இருக்கட்டும் என்று ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதிக்குக் குறுக்குவழியைப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் ஓடத் தொடங்கும். அம்மா போனை இறுக்கிப் பிடித்தபோது ஓடிவிட்டது. அதன்பின் ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது, இரண்டு முறை தட்ட வேண்டும். அதே இரண்டு பட்டனையும் மறுபடி அழுத்தச் சொன்னேன், நின்றது. அடுத்த முறை ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் குறுக்குவழியை எடுத்தேன்.

பணம் சம்பந்தப்பட்ட எதையும் குரலில் வைக்கவில்லை. ஓடிபி என்ற சொல்லையே யாரிடமும், போனிடமும் சொல்லக் கூடாது என்பது வீட்டு விதி. மழைக்காலத்தில் டவர் படுத்துவிடும் ஊர் என்பதால், அவசரத்துக்குக் குரலை மட்டும் நம்பவும் இல்லை. பழைய பட்டன் போனும் சார்ஜோடு இருக்கிறது, சுவரில் 108 என்று முழ உயரத்துக்கு எழுதி ஒட்டியிருக்கிறது.

இப்போது ராத்திரி விழிப்பு வந்தால் "மணி என்னப்பா" என்று கேட்கிறார். ஜானகி சித்தியோடு தினமும் பேச்சு. போன வாரம் மாடிவீட்டு லட்சுமி அக்கா தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கும் இப்படிப் பேச வைத்துக் கொடுங்க டீச்சரம்மா என்றாராம். அம்மா போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறார்:

"முதல்ல இதைச் சொல்லு. ஜிமெயில் கணக்கு யார் நம்பர்ல இருக்கு?"