ஏரிக்கரையில் ஓர் ஆட்டம்

மே 18
நீரைப் பற்றிய எங்கள் நடனத்தை ஏரியின் வடகரையில் ஆடுவதென்று முடிவாகிவிட்டது. மேடை வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நாணற்புதர்ப் பக்கம் பறவைகள் கூடு கட்டியிருப்பதால், ஏற்கெனவே காலடிபட்ட தரையையே தேர்ந்தெடுத்தோம். ஈர மண்ணைக் கூட்டமாக மிதித்தால் இறுகிப்போகும். பிறகு மழைநீர் உள்ளே இறங்காது. நீருக்காக ஆடப்போய் நீரின் வழியை அடைக்கலாமா?

மே 23
ஆட்டத்தின் அமைப்புக்கு 'குளோபல் வாட்டர் டான்சஸ்' என்ற நிகழ்வு முன்மாதிரி. 2011 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளின் நீர்நிலைகளில் ஒரே நாளில் ஆடுகிறார்கள். முதலில் சடங்கு, அடுத்து அந்தந்த இடத்து நீரின் சிக்கலைச் சொல்லும் ஆட்டம், பிறகு எல்லோருக்கும் பொதுவான ஆட்டம், முடிவில் பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொள்ளும் எளிய அசைவுகள். இந்தக் கடைசிப் பகுதிக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

சடங்குக்கு அமெரிக்க நடனக் கலைஞர் ஆனா ஹால்ப்ரினை நினைத்துக்கொண்டேன். கலிஃபோர்னியாவில் 1981இல் அவர் தொடங்கிய மலைச் சடங்கிலிருந்து வளர்ந்த 'பிளானட்டரி டான்ஸ்' நிகழ்வில், யாருக்காக ஓடுகிறோம் என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வட்டத்தில் இறங்குவார்கள். எங்கள் மாணவர்களும் அப்படியே சொல்லட்டும்.

மே 30
உடையில் ஜிகினா வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக்தான், கரையில் உதிர்ந்தால் பொறுக்கி மாளாது. பருத்தி போதும்.

ஜூன் 3
இன்று மனம் நிறைந்த ஒத்திகை. திறந்தவெளியில் விரல் நுணுக்கம் எடுபடுவதில்லை. தோளிலிருந்தே கை எழ வேண்டும்.

ஏரியின் சிக்கல் பாசி. வயல் உரம் மழையோடு வந்து சேர்வதால் அது பெருகுகிறது. மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதை நேரில் பார்த்துவந்த மாணவி ஒருத்தி, கழுத்தை நீட்டி, மோவாயை உயர்த்தி, வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். மற்றவர்கள் பச்சைத் துணியோடு அவளை நெருக்கிச் சூழ்ந்தார்கள். ஆட்டத்தின் நடுப்பகுதி அங்கேயே பிறந்துவிட்டது. எந்த விளக்க உரையும் இதற்கு ஈடாகாது.

ஜூன் 14
ஆடி முடித்தோம். பதாகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மீன் பகுதியில் கூட்டம் அடங்கிப்போனது. கடைசி வட்டத்தில் ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். முடிந்ததும், அந்த உரம் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று அவரேதான் கேட்டார். ஞாயிறன்று வாய்க்காலோடு நடந்து பார்க்கப் போகிறோம், அவரும் வருகிறார்.