எட்டுத் துளை, மூன்று உளி

அம்மாவுக்கு முட்டிவலி. பூஜை அறையில் தரையில் உட்கார முடியவில்லை, பிளாஸ்டிக் ஸ்டூலைச் சாமி முன்னால் போட மனசும் வரவில்லை. தேக்கில் ஒரு அடி உயரத்துக்கு ஒன்று செய்து தருகிறேன் என்று பொங்கல் அன்று வாய்விட்டேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. நடுவில் ஸ்டூல் வேலை நடந்தது கொஞ்சம்தான். மீதி எல்லாம் கருவி வாங்கியதும், வாங்கிய கருவியைக் கருவியாக்கியதும்.

மரம் வால்டாக்ஸ் ரோட்டில் எடுத்தேன். இடித்த வீட்டு ஜன்னல் சட்டம், பழைய தேக்கு. புதுத் தேக்கை விட இது நன்றாகக் காய்ந்திருக்கும். உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கும் என்பதும் தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி, முதல் சனி

பாரிமுனையில் இறங்கி லிங்கி செட்டித் தெரு. கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே, "ஆர்டினரியா, கம்பெனி ஐட்டமா, இம்போர்ட்டடா சார்?" மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "விலைதான்" என்றார். நேர்மையான மனிதர்.

நம் ஊர்க் கடைகளில் தொங்கும் கைக்கருவிகளில் பெரும்பகுதி பஞ்சாபிலிருந்து வருகிறது. ஜலந்தரும் லூதியானாவும் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். ராஜஸ்தானில் நாகௌர் இருக்கிறது, குறடு மாதிரி சின்னச் சாமான்களுக்கு. டபாரியா நாசிக்கில், ஸ்வீடனின் பாகோ நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்து வளர்ந்த கம்பெனி அது. ஜே.கே. அரங்கள் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம். நம் சென்னைக்கும் பங்கு உண்டு: துளை போடும் பிட்டுக்கு அடிசன், சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கும் கார்போரண்டம் யுனிவர்சல். 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கியது. உளி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கடைசியில் கூர் வாங்குவது திருவொற்றியூர்க் கல்லில்தான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

நான் வாங்கியது நாலு உளி கொண்ட ஆர்டினரி செட், 850 ரூபாய். கூடவே மரத்தைச் சீவி வழவழப்பாக்க நாலாம் நம்பர் அளவு இரும்பு இழைப்புளி ஒன்று, 1,900. இரண்டும் வட இந்தியத் தயாரிப்பு. பெயர் வேண்டாம், இதே தரத்தில் பத்துப் பெயர் தொங்குகிறது.

பிப்ரவரி, மறுநாள்

இழைப்புளியை ஒரு பட்டியல் கட்டை மேல் வைத்துத் தள்ளினேன். கடகடவென்று அதிர்ந்து, சுருளுக்குப் பதில் தூள் வந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். அறுபது தாண்டியவர், இப்போது அவரும் கரண்டு இழைப்புளிதான் பிடிக்கிறார். ஆனால் அப்பா காலத்துக் கருவேலங்கட்டை இழைப்புளி ஒன்றைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார். என்னுடையதைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சார், இது இழைப்புளி இல்ல. இழைப்புளி செய்யறதுக்கான சாமான். பார்ட்டு பார்ட்டா குடுத்திருக்கான், நீங்கதான் செய்யணும்."

"அப்போ ஏமாந்துட்டேனாண்ணா?"

"எதுக்கு ஏமாந்தீங்க? இரும்பு நல்ல இரும்புதான். வேலையைப் பாதியில விட்டுட்டான், அவ்ளோதான். அந்தப் பாதிக்கு உங்க கிட்ட காசு வாங்கல இல்ல?"

இந்த ஒரு பேச்சு மொத்தக் கணக்கையும் எனக்கு மாற்றிப் போட்டது. அதுவரை விலை அதிகம் என்றால் இரும்பு உசத்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச், நாலு ஞாயிறு

இழைப்புளியின் அடிப்பாகத்தில் நடுவில் பள்ளம். நேர்கோலை வைத்து, இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.2 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது. மெல்லிய சுருள் அதைவிடப் பல மடங்கு மெல்லியது, அப்புறம் எப்படி வரும்? மொட்டைமாடியில் தடித்த கண்ணாடியைப் போட்டு, மேலே 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, தேய் தேய் என்று தேய்த்தேன். அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டு, கோடு எங்கே அழிகிறது என்று பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். இரண்டு ஞாயிறு அதற்கே போனது. பலகையில் வழித்துப் போட்ட கருப்புச் சேற்றை அம்மா பார்த்துவிட்டு, "ஸ்டூல் எப்பப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு, தகடு உட்காரும் சாய்வுமேடை. அதன் மேலேயே பெயிண்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். தகடு இரும்பின் மேல் உட்காராமல் பெயிண்ட் கட்டியின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதிர்வுக்குக் காரணம் அதுதான். சுரண்டி, அரம் ஓட்டி, சமமாக்கினேன். நாலாவது ஞாயிறு தகட்டின் முதுகு, கூர், மேல்மூடித் தகட்டின் விளிம்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் முழுச் சுருள் வந்தது. பட்டுத்துணி மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. நானே எடுத்து மோந்து பார்த்தேன்.

கணக்குப் போட்டால் 1,900 ரூபாயும் உப்புத்தாள் 400 ரூபாயும் நாலு ஞாயிறும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் லை நீல்சன் என்று ஒரு கம்பெனி 1981-இலிருந்து இயங்குகிறது, அவர்களுடைய நாலாம் நம்பர் பெட்டியைத் திறந்ததும் ஏறக்குறைய அப்படியே ஓடும் என்று பெயர். கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்த்துப் பார்த்தேன், அந்தக் காசில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். அங்கே ஒரு தொழிலாளி சம்பளம் வாங்கிக்கொண்டு தேய்த்ததைத்தான் நான் மொட்டைமாடியில் சும்மா தேய்த்திருக்கிறேன். எனக்கு ஞாயிறு இருந்தது. இல்லாதவருக்கு அந்த விலை அநியாயம் இல்லை என்றே சொல்வேன்.

ஏப்ரல், பல்லாவரம்

வெள்ளிக்கிழமை லீவு போட்டுச் சந்தைக்குப் போனேன். ஓட்டை ரேடியோ, ஒற்றைச் செருப்பு, கட்டில் கால் எல்லாம் தாண்டி, ஒரு தார்ப்பாய் மேல் துருப்பிடித்த குவியல். அதில் ஒரு அரை இஞ்ச் உளி. துருவைக் கட்டைவிரலால் தேய்த்தால் மார்ப்பிள்ஸ் என்று கம்பெனிப் பெயரும் ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயரும் தெரிந்தன. கைப்பிடி இல்லை. 200 சொன்னார், 150-க்குப் படிந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் எல்லாம் வெறும் ஊர்ப் பெயர் இல்லை. சோலிங்கன் என்ற பெயரை அந்த வட்டாரத்துக்கு வெளியே செய்த கத்திக்குப் போடக்கூடாது என்று 1938-இலிருந்தே சட்டம் இருக்கிறது, நம் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாதிரி. ஆனால் கம்பெனியின் ஊரும் சாமான் செய்யும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்னிடம் இருக்கும் வேரா திருப்புளி ஜெர்மன் கம்பெனியுடையது. திருப்பிப் பார்த்தால் செக் குடியரசு என்று போட்டிருக்கிறது. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, திருகு நழுவாமல் கவ்விப் பிடிக்கிறது. கொடியைப் பார்த்து வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கச் சின்ன எழுத்தையும் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக 12 மில்லிமீட்டர் நாரெக்ஸ் உளி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன், 1,400 ரூபாய். செக் நாட்டுத் தயாரிப்பு. குரோம்-மாங்கனீஸ் எஃகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 59 என்று சொல்லியே விற்கிறார்கள். ஒரே ஒரு உளிக்கு என் நாலு உளி செட்டை விட விலை அதிகம். வீட்டில் விலையைச் சொல்லவில்லை.

மே, துளை போட்டது

ஸ்டூலுக்கு நாலு கால், காலுக்கு இரண்டு துளை, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு இஞ்ச் ஆழம். லிங்கி செட்டித் தெரு உளிக்கு மூன்று, செக் உளிக்கு மூன்று, பல்லாவரத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டேன். மூன்றையும் முதலில் முதுகு சமமாக்கி, 30 டிகிரிக்குக் கூர் தீட்டினேன். இந்த ஆயத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. செக் உளியின் முதுகு 25 நிமிடத்தில் கண்ணாடி ஆனது. ஆர்டினரி உளிக்கு இரண்டே முக்கால் மணி நேரம். பளபளப்புக்காகப் பஃப் சக்கரத்தில் பிடித்து விளிம்பையெல்லாம் உருட்டி வைத்திருந்தார்கள். பல்லாவரத்து உளியின் துரு ஒரு சாயங்காலத்தைத் தின்றது.

ஆர்டினரி உளி முதல் துளையில் பாதி ஆழம்கூடப் போகவில்லை, முனை மடங்கிவிட்டது. உடையவில்லை, மடங்கியது. தீட்டினேன். இரண்டாவது துளையிலும் அதே கதை. இரும்பே மட்டம் என்று தூக்கிப் போடப் போனேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, அரத்தை எடுத்து முனையில் ஓட்டிப் பார்த்தேன். வாழைத்தண்டை அறுப்பது மாதிரிக் கடித்தது. நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓட்டினால் அரம் பாதி வழுக்கியது. ஆக, உள்ளே இரும்பு நன்றாக இருக்கிறது, நுனியில்தான் துவைச்சல், அதாவது சூடாக்கிக் குளிரவைத்து ஏற்றிய கடினம், போய்விட்டது.

காரணம் இதுதான். ஆலையில் அவசர அவசரமாகச் சாணை பிடிக்கும்போது மெல்லிய நுனி சூடேறுகிறது. இந்த மாதிரி எஃகு 300 டிகிரி பக்கம் போனால் நீலம் பூக்கும். பூத்த இடம் மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் பாலிஷ் போட்டு நீலத்தை அழித்துவிடுகிறார்கள், மெத்தென்று ஆனது அப்படியே இருக்கும். பக்கத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை முக்கி முக்கி, நுனியில் மூன்று மில்லிமீட்டரைச் சாணையில் கரைத்துத் தள்ளினேன். மறுபடி கூர். மூன்றாவது துளை முழுசாகப் போனது, அதே உளியில், மடங்காமல்.

செக் உளி மூன்று துளையையும் தீட்டாமலே முடித்திருக்கும். மூன்றாவதில் டக் என்று ஒரு சத்தம். ஜன்னல் காலத்து ஆணி. முனையில் அரிசி அளவு பல் விழுந்துவிட்டது. ஆசாரி அண்ணன் எட்டிப் பார்த்து, "காந்தம் வெச்சு பாக்கலியா சார்?" என்றார். என் ஃபோன் ஸ்டாண்டில்கூடக் காந்தம் இருக்கிறது. 1,400 ரூபாய் உளிக்கும் ஆணி ஆணிதான்.

பல்லாவரத்து 150 ரூபாய் உளி இரண்டு துளை போட்ட பிறகும் முன்கை முடியைச் சிரைத்தது. கைப்பிடிக்கு மிச்சத் தேக்கைச் செதுக்கி மாட்டியிருந்தேன், அது மட்டும் கொட்டாப்புளி அடியில் பிளந்துவிட்டது. உளிப் பிடிக்குத் தேக்கு ஆகாது, கருவேலம் பார்க்க வேண்டும்.

ஜூன்

தேய்த்துச் சரிசெய்ய முடிகிற சாமானில் நான் காசை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன். உளியும் இழைப்புளியும் அந்த வகை. குறடு அப்படி இல்லை. இரண்டு தாடையும் ஒழுங்காகச் சேரவில்லை என்றால் வீட்டில் அதற்கு வைத்தியம் கிடையாது. அதற்காக ஜெர்மனியின் நிபெக்ஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. டபாரியா குறடு பல வருஷமாக எங்கள் வீட்டில் குழாய் முதல் தேங்காய் நார் வரை எல்லாம் இழுக்கிறது, ரிவெட் ஆடவில்லை. பொதுவாக அந்த விலைக்கு அந்தத் தரம் எனக்குப் போதும்.

ரம்பத்தில்தான் ஜப்பானிடம் தோற்றேன். கழுந்து, அதாவது துளைக்குள் போய் உட்காரும் சட்டத்தின் முனை, அறுக்க உள்ளூர் ரம்பம் ஒன்றை வாங்கி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டி, இரண்டு வாரம் போராடினேன். பல் வரிசை ஒரு பக்கம் சாய்ந்து கோடு விட்டு ஓடியது. ஜப்பான் ரம்பம் தள்ளும்போது இல்லை, இழுக்கும்போது அறுக்கும். அதனால் தகடு காகிதம் போல மெல்லிசாக இருந்தாலும் வளையாது. பல் நுனியை மட்டும் மின்தூண்டலில் கடினமாக்கியிருப்பார்கள். அதை அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். இந்த ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் முதல் கழுந்தே கோட்டின் மேல் வந்தது. இனி அறுப்பதற்கு அதுதான்.

துரு ஒரு தனித் தொல்லை. கடல் காற்றுக்கு இழைப்புளியின் அடி ஒரே வாரத்தில் செம்பட்டை பூக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பிசுபிசுத்துத் தூசி அப்பிக்கொண்டது. தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. பெட்டியில் இரண்டு கற்பூர வில்லையும் போட்டிருக்கிறேன், பூஜை அறையிலிருந்து எடுத்தது.

ஆடி, இரண்டாம் ஞாயிறு

கால் நாலும் சட்டம் நாலும் பசை இல்லாமலே இறுக்கமாக உட்கார்ந்தன. ஒரு கால் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தூக்கல். மடங்கிய உளியை வைத்துக்கொண்டு போட்ட அந்த முதல் துளை கொஞ்சம் சாய்ந்துவிட்டது, அதன் பலன். அம்மா உட்கார்ந்து பார்த்தார், ஆட்டினார், எழுந்து காலண்டர் தாளை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார். வரும் ஞாயிறு மீதி மூன்று காலையும் இரண்டு மில்லிமீட்டர் சீவ வேண்டும்.