மிளகாய் மேல் பழி போடாதீர்கள்

எனக்குக் குரோன் நோய் (குடல் வீங்கிப் புண்ணாகும் நாட்பட்ட நோய்) என்று உறுதியாகிவிட்டது, அடுத்த வாரம் குடலில் ஆபரேஷன். செய்தி எப்படியோ தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் முழுக்கப் பரவி, கோயிலிலும் கடையிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டர்பன் தண்ணீர் தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். புரட்டாசி விரதத்துக்கு நடுவில் மீன் தின்றாளாம் (தின்றேன்தான், அதற்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?). எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது காரத்தில். அந்த வீட்டுக் குழம்பில் மிளகாய் அதிகம் என்று யாரோ சொல்லப்போக, என் மாமியார் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. இந்த வீட்டில் சமைப்பது அவர்தான்.

டாக்டர் சொன்னது வேறு. கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி குடல் பக்கமே திரும்பிவிடுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உண்டு, இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. சிகரெட் நோயை மோசமாக்கும், அது உறுதி. மிளகாய், ஏற்கெனவே புண்ணாகிப்போன குடலைப் படுத்தலாமே தவிர இந்த நோயைக் கொண்டுவருவதில்லை.

பேர் தெரிவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. முதலில் பார்த்த டாக்டர் மனக்கவலை என்று மாத்திரை எழுதினார், அவரைப் பற்றி ஆரம்பித்தால் நிற்காது, விடுங்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில், குடல்வால் இருக்கும் அதே வலது மூலையில்தான் எனக்கு வீக்கம். தென்னாப்பிரிக்காவில் அந்த இடத்தில் வீக்கம், கூடவே காய்ச்சல், எடை இறங்குகிறது என்றால் டிபியாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். குடல் டிபியும் குரோனும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்கூட ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்குமாம். குரோனுக்கு வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள், டிபி இருப்பது தெரியாமல் அதைக் கொடுத்துவிட்டால் டிபி இன்னும் பரவும். அதனால் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, மறுபடி சோதனை, காத்திருப்பு. எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் பிரெட்னிசோன் என்கிற ஸ்டீராய்டு. முகம் பூரியாக உப்பி, நடுராத்திரியில் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். வீக்கம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் பல காலமாகப் புண்ணாகி ஆறி, ஆறிப் புண்ணாகி, ஒரு துண்டுக் குடல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. வீக்கத்தை மருந்து அடக்கும், தழும்பை விரிக்காது. சாப்பிட்டது அந்த இடத்தில் போய் முட்டிக்கொள்ளும்போது வரும் வலி பிரசவ வலிக்குக் குறைந்ததில்லை, பிள்ளை பெற்றவள் நான் சொல்கிறேன், நம்புங்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். இதோடு நோய் போய்விடாது, தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வரலாம், மருந்து தொடர வேண்டியிருக்கும். வைட்டமின் பி12-ஐ உடல் எடுத்துக்கொள்வதே சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதியில்தான், அதனால் பி12 ஊசியும் சேரலாம். நாட்பட்ட நோய்களுக்கு மெடிக்கல் எய்ட் (இங்கே நாங்கள் பணம் கட்டிச் சேரும் மருத்துவக் காப்பீடு) கட்டாயம் பணம் தர வேண்டிய பட்டியலில் குரோன் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு தாளுக்கும் நாங்கள் போன் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது தனிக்கதை.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது பைதான். தைத்த இடம் ஆறுமா என்று சந்தேகம் இருந்தால் கொஞ்ச காலத்துக்குக் குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து மலம் சேரப் பை மாட்டுவார்கள். எனக்குத் தேவைப்படாமலும் போகலாம், ஆனாலும் முன்கூட்டியே இடம் குறித்து வைக்க வேண்டுமாம். நர்ஸ் என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனியச் சொல்லி, மடிப்பு விழாத இடமாகத் தேடிப் பேனாவால் புள்ளி வைத்தார். புடவைக்குப் பாவாடை நாடா எங்கே இறுக்குவேன் என்று நானே கட்டிக் காட்டினேன், புள்ளியைக் கொஞ்சம் இறக்கினார். அதற்குப் பிறகு பயம் பாதியானது, ஏன் என்று தெரியவில்லை. நீங்களும் போனால் உடுத்துகிற துணியோடு போய்க் காட்டுங்கள்.

மாமியார் எனக்காகத் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். இந்த வயதில் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, சரி, அது அவருக்கும் முருகனுக்கும் இடையில் உள்ள கணக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் எனக்கு எதுவும் கொண்டு வர வேண்டாம், முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரிதான் ஏதாவது தருவார்கள். வீட்டுப் பக்கம் போனால் மாமியாரின் மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவர் போடுவதையே நிறுத்திவிட்டார்.