உச்சிப்புளி மட்டைக்குள் இருக்கும் பசை

எங்கள் உச்சிப்புளிப் பக்கத்துக் கயிறு ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்க்கழிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. தாவர நார்களைப் பசைபோல இறுகப் பிணைக்கும் இயற்கைப் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரத்தில் அது 20 முதல் 30 சதவீதம்தான். தேங்காய் நாரிலோ 40 சதவீதத்தையும் தாண்டும். மட்டைக்கு அத்தனை உறுதி தருவது அதுதான்.

1907இல் லியோ பேக்லேண்ட் ஃபீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்து பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கைச் செய்தார். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை ஒட்டும் பசையும் அதே குடும்பம்தான். அந்த ஃபீனால் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. லிக்னினும் ஃபீனால் வளையங்களால் ஆனது என்பதால், பசையில் ஃபீனாலின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைப் போடலாம். முழுவதற்கும் போட முடியாது. ஃபார்மால்டிஹைடு வந்து பிணைய வேண்டிய இடங்கள் பலவற்றை லிக்னினில் உள்ள மெத்தாக்சி என்ற அணுக்கூட்டங்கள் முன்பே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

லிக்னினைப் பிரித்தெடுப்பது கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். நார்க்கழிவை காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கறுத்த சாறு கிடைக்கும். அதில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் நுரை கட்டும். பிறகு சாறு கலங்கி, பழுப்புத் துகள் திரிதிரியாகப் பிரிந்து அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீரின் நிறம் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். படிந்த துகளிலிருந்து உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், திரும்பத் திரும்ப. காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? கழுவிய நீரை எங்கே விடுவது? மன்னார் வளைகுடாவில் விடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

அதனால் நம் கரைக்குப் பிரித்தெடுக்கும் வழி வேண்டாம் என்பது என் முடிவு. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் முழு மட்டையையும் அரைத்து, பசையே சேர்க்காமல், 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி அழுத்திப் பலகை செய்து காட்டியிருக்கிறார்கள். சூட்டில் லிக்னின் இளகி நாரோடு நாரை ஒட்டிவிடுகிறது. அமிலமும் வேண்டாம், தண்ணீரைக் கொட்டிக் கழுவவும் வேண்டாம். கதவுக்கும் மீன் பெட்டிக்கும் அந்தப் பலகை எவ்வளவு தாங்குகிறது என்று நம் உப்புக்காற்றிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவின் ஆலையில் மட்டைக்கும் அரைவைக்கும் குறைவில்லை. இல்லாதது சூட்டோடு அழுத்தும் எந்திரம் ஒன்றுதான். ராமநாதபுரம், மதுரைப் பக்கம் பிளைவுட் பட்டறை வைத்திருப்பவர்கள் அரை நாள் இடம் கொடுத்தால், அரைத்து உலர்த்திய மட்டையோடு நானே வந்துவிடுகிறேன்.