ஏரியலில் காய்ந்த ஜமக்காளம்

என்னிடம் டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழல் வால்வுகள் கொண்ட பதினொரு பழைய ரேடியோக்கள் இருப்பதாகச் சென்ற ஆயுத பூஜை வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது கேட்டால் ஒன்பதும் இரண்டும் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டில் ஒன்றை ஒரு ஜமக்காளம் இழுத்துத் தள்ளியது. மற்றொன்றுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை, நானே போதுமானவனாக இருந்தேன்.

திருவரங்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரின் நீளத்துக்கு இரண்டு தட்டுகளில் அவை அடுக்கப்பட்டிருக்கும். உதட்டருகே விரல் வைத்த குழந்தைப் படத்துக்காகவே நான் வாங்கிய மர்பி, பச்சைக் கண் ஒளிரும் ஜெர்மானிய கிரண்டிக், ஓடாத நேஷனல் எக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் என் உயிர் இரண்டில்தான் இருந்தது. முதலாவது, அப்பா 1956இல் தவணை முறையில் வாங்கிய பிலிப்ஸ். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்த காலம் அது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் இலங்கை வானொலிக்குத்தான் முள்ளைத் திருப்ப வேண்டும் என்பதால், சிற்றலை நன்றாக எடுக்கும் பெட்டியாகப் பார்த்து அப்பா வாங்கினார். மறு ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி தொடங்கப்பட்டபோது, தாம் கடன்பட்டு வாங்கிய செய்தி டெல்லிக்கு எட்டிவிட்டது போலிருக்கிறது என்று அவர் சொன்னாராம். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம்கூட அந்தப் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது. இரண்டாவது, பழுப்பு நிற பேக்கலைட் உடல்கொண்ட புஷ். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரிடம், நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கியது.

வீட்டில் நான் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: என்னைத் தவிர யாரும் அவற்றைத் தொடக் கூடாது. வர்ணம் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் மாதத்துக்கு ஒரு முறை நானே தூசி தட்டுவேன். அந்நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவேன் என்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளை என் மனைவி ஒருபோதும் மறந்ததில்லை.

சென்ற ஆண்டு பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியில் புதிதாக ஏரியல் ஒன்று, அதாவது வானொலி அலையைப் பிடிக்கும் கம்பி, கட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த புஷ்ஷுக்கு வெளி ஏரியலே தேவையில்லை. அதன் உள்ளேயே சட்டத்தில் சுற்றிய ஏரியல் இருக்கிறது, திருச்சி நிலையம் அதிலேயே கணீரென்று கேட்கும். இரவில் தொலைதூர மத்திய அலை நிலையங்களையும் பிடித்துவிட வேண்டும் என்ற பேராசையால், தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை தடித்த செப்புக் கம்பியை இழுத்து, அங்கிருந்து கீழே இறக்கி, கூடத்து ஜன்னல் வழியாக ரேடியோவுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் இணைப்பு வைத்தால் அலை வலுவிழக்கும் என்று எங்கோ படித்திருந்ததால் ஒரே கம்பியாகவே விட்டேன். கைப்பிடிச் சுவரில் உராய்ந்து தேயக் கூடாது என்று அங்கே ஒரு பிவிசி குழாய்த் துண்டை வைத்து, அதன் மேல் கம்பியை ஓட்டி, பிடிமானத்துக்கு ஒரு செங்கல்லை ஏற்றினேன். ரேடியோவிலிருந்து கழன்றுவிடாதிருக்க, பின்மூடித் துளைகளில் கோத்து இரட்டை முடிச்சும் போட்டேன். கிணற்று ராட்டினத்துக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு அத்தனையையும் ஒரு ரேடியோவுக்குச் செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏணி எடுக்கச் சோம்பல்பட்டு, கம்பியை மார்பளவு உயரத்திலேயே கட்டிவிட்டேன். துணி உலர்த்துவதற்கு அதைவிட வசதியான உயரம் கிடையாது.

பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டில் இருந்த துணி அனைத்தும் துவைக்கப்பட்டன. கடைசியாக, ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பவானி ஜமக்காளத்தை என் மனைவியும் உதவிக்கு வரும் அம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு எடுத்துச் சென்றார்கள். உலர்ந்திருக்கும்போதே அதைத் தூக்க எனக்கு மூச்சு வாங்கும். நான் கீழே சாய்வு நாற்காலியில் அமர்ந்து, புஷ்ஷில் நாகஸ்வரம் கேட்டபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏதோ நகர்வது போலத் தெரிந்து நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு ரேடியோக்களில் ஒன்று மட்டும், அவசரம் எதுவுமில்லாமல், தட்டின் மேல் ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிலநடுக்கமோ என்று மற்ற பத்தையும் பார்த்தேன், அவை அசையாமல் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்பதுதான் இன்றளவும் என்னை வருத்துகிறது. நான்கு எட்டில் போய்ப் பிடித்திருக்கலாம். ரேடியோ நடக்கும் காட்சியை அறுபத்திரண்டு வயதில் முதன்முதலாகக் காண்பவனுக்குக் கால் எழவில்லை. தட்டின் விளிம்புக்கு வந்ததும் அது ஒரு கணம் தயங்கியது. மாடியில் ஜமக்காளத்தின் மறுபாதியையும் கம்பியின் மேல் போட்டிருப்பார்கள் போலும், அடுத்த கணம் தரையில் விழுந்தது.

பேக்கலைட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லியோ பேக்லண்ட் என்பவர் அமெரிக்காவில் 1907இல் கண்டுபிடித்த இந்தப் பொருள், ஒரு முறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி எந்தச் சூட்டுக்கும் இளகாது. மற்ற பிளாஸ்டிக்கைப் போல வளைந்து கொடுக்கும் குணம் அதற்குக் கிடையாது, விழுந்தால் மண்சட்டி உடைவது போலத்தான் உடையும். உடைந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. மேலுடல் முழுவதும் சிதறிய பிறகும், ஐந்து வால்வுகளும் செக்கச்செவேலென்று எரிய, நாகஸ்வரக்காரர் தரையில் கிடந்தபடி அடுத்த சங்கதிக்குப் போனார்.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா, குழந்தை விழுந்ததைப் போலப் பதறி, அதை அள்ளி எடுக்கக் குனிந்தார். “தொடாதே!” என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் போனவர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். எழுபத்தொன்பது வயதில் அம்மா அப்படியே நிமிர்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உடைஞ்சப்புறமும் தொடக் கூடாதாடா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதே நேரத்தில் மாடியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “என்னங்க, இந்தக் கொடி தொய்யுது. கொஞ்சம் வந்து இழுத்துக் கட்டுங்களேன்!”

கொடி என்று ஏன் நினைத்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மாடியில் ஒரு கொடி கட்டித் தரும்படி பதினொரு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறாளாம். அன்று காலையில் புதுக் கம்பியைப் பார்த்ததும், சொல்லாமல் கொள்ளாமல் கட்டிவிட்டாரே என்று மனம் நெகிழ்ந்து போனாளாம்.

நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் சில ஊர்களில் ஏசி மின்சாரமும் சில ஊர்களில் டிசி மின்சாரமும் இருந்ததால், இரண்டிலும் ஓடும்படி டிரான்ஸ்பார்மர் இல்லாமலேயே பல ரேடியோக்களைச் செய்தார்கள். வால்வின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அந்த வகை என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு நேரடியாக மின்சார வயரோடு சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் தட்டில் கரண்ட் இருக்காது, திருப்பிச் செருகினால் வீட்டு மின்சாரம் முழுவதும் அதில்தான் நிற்கும். தொடுகிறவரைக் காப்பாற்றுவது அந்த பேக்கலைட் கூடு ஒன்றே, அதுவோ கூடமெங்கும் சிதறிக் கிடந்தது. இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கினால் “தொடாதே” என்றுதான் வரும். பிறகு எத்தனை விளக்கியும் அம்மா ஏற்கவில்லை. பெற்ற தாயைவிட ரேடியோ பெரிதாகிவிட்டது என்ற தீர்ப்பு உறவுக்காரர்களுக்குத் தொலைபேசி வழியாக அன்றே போய்ச் சேர்ந்தது.

மலைக்கோட்டைப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் முதிய ரேடியோ மெக்கானிக்கை மறுநாள் வீட்டுக்கே அழைத்து வந்தேன். அம்மாவின் முன்னிலையில் அவர் ரேடியோவின் இரும்புத் தட்டில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. “சார் கத்தினது நியாயந்தாம்மா, தொட்டிருந்தீங்கன்னா தூக்கி அடிச்சிருக்கும்” என்று அவர் சொன்னபோது, வழக்கில் வென்றவனைப் போல நான் சுற்றிலும் பார்த்தேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏரியல் செருகும் இடத்தில் இருந்த சிறிய கண்டென்சரைக் கழற்றிச் சோதித்துவிட்டு, அந்தக் கம்பிக்கும் கரண்டுக்கும் நடுவில் நிற்பது இது ஒன்றுதான் என்றும், இத்தனை வயதான கண்டென்சர் கசிந்திருந்தால் ஈர ஜமக்காளத்தைக் கம்பியில் போட்டவர்கள் கதி என்ன என்றும், மாடிக்குக் கம்பி இழுக்கும் முன் இதை மாற்ற வேண்டாமா என்றும், என் மனைவியின் காதுபடக் கேட்டார். வழக்கு அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது.

மற்ற பழுதுகள் அதிகமில்லை. வால்வு எதுவும் உடையவில்லை. நிலையம் மாற்ற உதவும் கேங் கண்டென்சரின் தகடுகள் இரண்டு வளைந்து ஒன்றோடொன்று உரசியதால் முள்ளைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்றது, அதை அவர் பிளேடால் நிமிர்த்தினார். டயல் கயிற்றை மட்டும் நான் மாற்றிக்கொள்வதாகப் பெருமையாகச் சொல்லி, இரண்டரைச் சுற்றைத் தவறான பக்கமாகச் சுற்றிவிட்டதால், இப்போது குமிழை வலப்பக்கம் திருப்பினால் முள் இடப்பக்கம் போகிறது.

கூட்டை ஒட்டுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அரால்டைட்டில் காவிப் பொடியும் விளக்குக் கரியும் கலந்து நிறத்தைக் கொண்டுவந்து, சைக்கிள் டியூப் துண்டுகளால் இறுக்கிக் கட்டி, நாளுக்கு ஒரு பக்கமாக ஒட்டினேன். மேற்புற விரிசல் முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் போல இரண்டாகப் பிரிந்து ஓடியது, நடுவில் தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்தத் துண்டை மூன்று நாட்கள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தேடினேன். கடைசியில் கருப்பட்டி டப்பாவில் இருந்தது. பெருக்கும்போது கிடைத்ததை உதவிக்கு வரும் அம்மாள் கருப்பட்டி என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். முந்தைய இரவு அம்மாவுக்குச் சுக்குக் காப்பி போட்டபோது அதற்கு மேலிருந்த துண்டை எடுத்ததால் திருவரங்கம் தப்பியது.

அந்த ஒரு வாரமும் நான் பேசியது சற்று அதிகம்தான். பொருளின் அருமை தெரியாதவர்களைப் பற்றியும், ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதைப் பற்றியும், ஒட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன். பூஜைக்கு முதல் நாள் மாலை, பிலிப்ஸையாவது பளிச்சென்று கொலுவிருத்தலாம் என்று அதன் பின்மூடியைக் கழற்றினேன். டயல் கண்ணாடியின் உட்புறத்தில் அப்பா காலத்துத் தூசி படிந்திருந்தது. பஞ்சைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, மிக மென்மையாக, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாகத் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்றுதான் ஆயிற்று. பஞ்சைப் பார்த்தபோது அதில் பொன்னிறமாகவும் வெண்மையாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ், திருச்சி, கொழும்பு எல்லாம் அந்தப் பஞ்சில் இருந்தன.

எழுத்துக்கள் கண்ணாடியின் உட்புறத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும் என்பதும், காலப்போக்கில் அந்த மை ஈரம் பட்டாலே உரிந்துவிடும் என்பதும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லப்படும் பாடம். நானே நான்கு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் பழகிய ஊர்ப்பெயர்களை நானே துடைத்து எடுத்துவிட்டு, கையில் பஞ்சோடு நின்றேன். வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் அருகில் வந்து, கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கறையே இல்லாம நல்லாத் துடைச்சிருக்கீங்க” என்றாள்.

மறுநாள் பூஜையில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் இயந்திரம் ஆகியவற்றோடு ரேடியோக்களும் வரிசையில் அமர்ந்தன. சந்தனம் வைத்துக்கொண்டே வந்த அம்மா, பிலிப்ஸின் முன் நின்று அதைப் போடச் சொன்னார். வால்வு சூடேறும் வரை காத்திருந்து, குமிழைத் தம் கையாலேயே மெதுவாகத் திருப்பினார். அதுவரை அவர் அதைத் தொட நான் அனுமதித்ததில்லை, இப்போது தடுக்க வாய் வரவில்லை. ஒன்றுமில்லாத கண்ணாடிக்குப் பின்னால் முள் ஊர்ந்து ஓரிடத்துக்கு வந்ததும் திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்டது. 936 கிலோஹெர்ட்ஸ், அந்த டயலின் பழைய மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 320. முள்ளுக்கு நேர் மேலே, கண்ணாடியின் வெளிப்புறத்தில், குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, “இதுதான் திருச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார் அம்மா.

குங்குமம் உதிரும் என்பதால் பிறகு ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினோம். பெரிய சிவப்பு திருச்சி, அரக்கு நிறம் மதுரை, கல் பதித்தது சென்னை, இரவில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் திருநெல்வேலிக்குக் கடுகளவு கறுப்புப் பொட்டு. விளக்கு எரிந்தால் அம்மன் அலங்காரத்துக்குக் குறையொன்றும் இல்லை.

சென்ற வாரம் மதுரை உதிர்ந்து கீழே விழுந்தது. கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி அதைத் தரையிலிருந்து எடுத்து, பசை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரும்போது அவள் பையில் பத்து மீட்டர் நைலான் கயிறு இருந்தது.