கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் டயரும் உடல் எடையும்

கொல்லிமலையைச் சைக்கிளில் ஏறுவதற்காக, சென்னையிலிருந்து நாமக்கல் செல்லும் தனியார் படுக்கைப் பேருந்தில் சைக்கிளை ஏற்ற அறுநூறு ரூபாய் என்று பேசி, அதை ஏறும்போதே கொடுத்தும் விட்டேன். விடியற்காலையில் நாமக்கல்லில் இறங்கியபோது, ஓட்டுநரின் உதவியாளர் மேலும் முந்நூறு ரூபாய் கேட்டதோடு, அதைக் கொடுக்கும் வரை சரக்கு அறையின் கதவைத் திறக்கவும் மறுத்துவிட்டார். ஒரு சைக்கிளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வாங்குவது பகல் கொள்ளை. பணத்தை விடவும் என்னை எரிச்சலூட்டியது வேறு. சங்கிலி இருக்கும் பக்கம் மேலே வருமாறு வண்டியைப் படுக்க வைக்கும்படி நான் கேட்டுக்கொண்டிருந்தும், கதவு திறந்தபோது அந்தப் பக்கம் கீழே கிடந்தது. அதன் மேல் யாருடைய பார்சல் மூட்டைகளோ ஏற்றப்பட்டிருந்தன. கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்துபோயிருந்தது.

ஹேங்கர் என்பது சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) பின்முனையில் திருகப்படும் சிறிய அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் சட்டம் உடையாமல் தான் வளைந்துகொள்வதற்காகவே அது மென்மையாகச் செய்யப்படுகிறது. வளைந்த ஹேங்கரோடு ஏற்றத்துக்கான மிக இலேசான கியருக்கு மாற்றினால், டீரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தையே நாசமாக்கிவிடும். சட்டத்துக்குச் சட்டம் இதன் வடிவம் மாறுபடுவதால், வெளியூரில் எந்தக் கடையிலும் பொருத்தமானது கிடைக்கும் என்று நம்ப முடியாது. சில நூறு ரூபாய் விலையுள்ள மாற்று ஹேங்கர் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். பேருந்து நிலைய வாசலிலேயே அதை மாற்றிவிட்டு, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளிக்கு மிதித்தேன்.

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டுப் பொங்கலின்போது என் எடை 104 கிலோ; இப்போது 89 கிலோ. இரவில் சோற்றை நிறுத்திச் சுண்டலும் முட்டையும் சாப்பிட்டதும், வாரத்தில் பெரும்பாலான காலைகளில் வண்டி மிதித்ததும்தான் இதற்குக் காரணம். வேறு மருந்தோ மாவோ கிடையாது. இந்த எடைக் குறைப்பு நடந்துகொண்டிருந்த மாதங்களில், சைக்கிளின் எடையையும் குறைக்கச் சொல்லிக் கார்பன் ரிம் (சக்கர வளையம்), முன்சக்கரத்தைத் தாங்கும் இலேசான ஃபோர்க் என்று நண்பர்கள் ஆலோசனை கூறியவண்ணம் இருந்தனர். கார்பன் ரிம்முக்கு அவர்கள் சொன்ன விலையில் நான் இன்னொரு முழுச் சைக்கிளையே வாங்கிவிடலாம் என்பதால், பணத்தை எங்கே போடுவது என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் 14.5 கிலோ, தண்ணீரும் கருவிகளும் 4 கிலோ. பழைய உடலோடு சேர்த்தால் 122.5 கிலோ. இதைப் புவியீர்ப்புக்கு எதிராக ஆயிரம் மீட்டர் உயர்த்த 1,200 கிலோ ஜூல் வேலை தேவை. இன்றைய 107.5 கிலோவுக்கு 1,055 கிலோ ஜூல் போதும். கால்கள் தொடர்ந்து 150 வாட் கொடுத்தால், இந்த உயர்வுக்கு மட்டும் ஆகும் நேரத்தில் பதினாறு நிமிடங்கள் மிச்சமாகின்றன. ஒன்றரை கிலோ எடையைக் குறைக்கும் விலையுயர்ந்த பாகங்கள் எல்லாவற்றையும் வாங்கி மாட்டினாலும் மிச்சமாவது ஒன்றரை நிமிடந்தான். என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர் வண்டியின் எடையைக் குறைக்கப் பணம் செலவழிப்பது வீண் என்பதில் எனக்கு இப்போது துளியும் ஐயமில்லை.

ஆனால் டயரின் கதை வேறு. டயரை அதன் எடைக்காக வாங்கக் கூடாது. அது எவ்வளவு எளிதாக உருள்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதற்காக வாங்க வேண்டும். உருளல் எதிர்ப்புக் கெழு (இது குறையக் குறைய டயர் எளிதாக உருளும்) 0.010 உள்ள டயரிலிருந்து 0.007 உள்ள டயருக்கு மாறினால், 25 கிலோமீட்டர் தூரத்தில் என் எடைக்கு ஏறத்தாழ 79 கிலோ ஜூல் மிச்சம் என்று கணக்கு வருகிறது. இது அந்த ஏற்றத்தில் எட்டு கிலோ எடை குறைந்ததற்குச் சமம்! அதனால்தான் பின்சக்கரத்துக்கு நெருக்கமான குட்டை ரப்பர் பொத்தான்கள் உள்ள 29×2.2 அங்குல மாக்ஸிஸ் இக்கான் டயரையும், முன்சக்கரத்துக்கு உயரமான பொத்தான்கள் உள்ள 2.35 அங்குல அகல டயரையும் தேர்ந்தெடுத்தேன். உடல் பாரத்தில் பெரும்பகுதியைப் பின்சக்கரம் சுமப்பதால் அங்கே எளிதாக உருள்வது முக்கியம். முன்சக்கரம் சரளையில் வழுக்கினால் ஆளே விழுந்துவிடுவதால் அங்கே பிடிப்பு முக்கியம். இரண்டும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. வாங்கும்போது வலித்தாலும், வளைவுக்கு வளைவு அந்தப் பணத்தின் பயனை உணர்ந்தேன்.

எடை குறைந்ததன் உண்மையான பரிசு காற்றழுத்தத்தில் கிடைத்தது. 104 கிலோவில், ட்யூப் போட்ட பின்சக்கரத்துக்கு 40 பிஎஸ்ஐ வைக்காவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். அவ்வளவு அழுத்தத்தில் டயர் கல்லைத் தழுவிச் செல்லாமல் எகிறும். முதுகும் மணிக்கட்டும் நோகும். இப்போது ட்யூபை நீக்கி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றியிருக்கிறேன். தார்ச்சாலையில் 35 வைத்து ஏறிவிட்டு, மேலே தோட்டப் பாதைகளில் இறங்கும்முன் பின்னால் 27, முன்னால் 24 என்று குறைத்துக்கொண்டேன். காபிச் செடிகளுக்கும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கும் நடுவே, ஈரச் செம்மண்ணில் அந்த டயர்கள் பிடித்துச் சென்ற விதத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். நம் ஊர் வெப்பத்தில் சீலண்ட் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

முன் ஃபோர்க்கிலும் இதே கதைதான். குலுக்கலைத் தாங்க உள்ளே காற்று நிரப்பும் வகை என்பதால், பழைய எடைக்கு வைத்திருந்த அழுத்தத்தில் அது இப்போது விறைப்பாகிவிட்டது. வண்டியில் ஏறி நின்றால் 100 மில்லிமீட்டர் அசைவில் 20 முதல் 25 வரை அமுங்க வேண்டும் என்னும் அளவுக்கு வரும்வரை காற்றை இறக்கினேன். பத்துப் பைசா செலவில்லை.

வளைவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண் பலகைகள், குரங்குகள், ஒலிப்பானை அடித்துக்கொண்டே திரும்பும் பேருந்துகள். முன்பல் சக்கரத்தை 32 பற்களிலிருந்து 30 பற்களுக்கு மாற்றியிருந்ததும், பின்னால் 42 பல் வரை இருந்ததும் முழங்காலைக் காப்பாற்றின. எடை அதிகமுள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டிய மலிவான மாற்றம் இதுவே.

சோளக்காடு சந்தையில் மலைவாழைப் பழமும், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசியும் சாப்பிட்டேன். அவற்றையெல்லாம் மறக்கடித்தது, அறப்பளீசுவரர் கோயில் பக்கம் குடித்த முடவாட்டுக்கால் கிழங்குச் சூப். கம்பளி போர்த்தியது போன்ற அந்தக் கிழங்கைச் சுரண்டி நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். சைவமாக இருந்தும் ஆட்டுக்கால் சூப்பின் கனமும் மணமும் அதில் இருக்கின்றன. சூப் விற்ற அம்மா, “மூட்டு வலிக்கு நல்லது, இன்னொண்ணு குடிங்க தம்பி” என்றார். மூட்டுக்கு நல்லதா என்பதை மருத்துவர்கள்தாம் சொல்ல வேண்டும். நாக்குக்கு நல்லது என்று நான் சான்று தருகிறேன். இரண்டு குவளை குடித்தும் பேருந்துக்காரர் பிடுங்கிய தொகையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை. மலையேறியதில் உடல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோ கலோரி செலவழித்திருக்கும் என்பதால், மதியம் முழுச் சாப்பாட்டையும் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

இறக்கத்தைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். ஏறும்போது சேர்த்த 1,055 கிலோ ஜூலில் பெரும்பகுதி, இறங்கும்போது பிரேக்கில்தான் வெப்பமாகிறது. வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் வேகம் எடுத்துக் காற்றில் அதைக் கரைக்கவும் வழியில்லை. முன்னால் 180 மில்லிமீட்டர் ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) போட்டிருந்தேன். அது சிறிதும் தளரவில்லை. பின்னால் இன்னும் 160 மில்லிமீட்டர் ரோட்டரும், அதை அழுத்திப் பிடிக்கும் ரெசின் (பிசின் கலவை) பேடும்தான். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, திரும்பும்போது விட்டுவிட்டு வந்தும், பாதி வழியில் பின்பிரேக் கீச்சிட்டு எரிந்த வாடை வீசத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, ரோட்டர் ஆறும் வரை நின்று, பிறகே இறங்கினேன். எண்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் இந்த மலையில் ரெசின் பேடை நம்பி இறங்க வேண்டாம். வெப்பத்தைத் தாங்கும் உலோகப் பேடு போடுங்கள், ரோட்டர் அந்தப் பேடை ஏற்குமா என்பதை அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டி, சேலத்திலிருந்து ரயிலில் வந்தேன். படுக்கைக்குக் கீழே அடங்கிவிட்டது, யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அப்படி மிச்சமான பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பின்சக்கரத்துக்கும் 180 ரோட்டரும் உலோகப் பேடும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.